ஒரு ஸ்பேஸில் போன லில்லிப் பூ பார்டர்

பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது ஆரணிக்கு வந்த புதிது. எங்கள் டிசைன் சென்டரில் ஸ்டெல்லா படம் வரைவாள். அதைத் தறியில் பூவாக நெய்ய வைக்கும் துளை அட்டை குத்துவதற்கு ஏற்றபடி மாற்றும் ஸ்கிரிப்டுகளை நான் எழுதுவேன். அந்த வாரம் அவள் தன் கல்யாணப் புடவைக்கே லில்லிப் பூ பார்டர் வரைந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அட்டை குத்த வேண்டும்.

வியாழன் காலையில் '.bak' என்று முடியும் பழைய நகல்களை மட்டும் அழிக்க லினக்ஸில் கமாண்ட் அடித்தேன். நட்சத்திரக் குறிக்கும் '.bak'குக்கும் நடுவில் கை தவறி ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கு 'எல்லாம்' என்று பொருள்; என்டர் தட்டியதும் லில்லி பார்டர் உட்பட ஃபோல்டரில் இருந்த எல்லா ஃபைல்களும் போய்விட்டன.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துகினு இருக்கீங்க?" என்றபடி ஸ்டெல்லா வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

"பேஜார் ஆவாதீங்க. சிவிஎஸ் கத்துக்கலாம்னு தினம் வீட்டுக்குப் போறப்ப எல்லாத்தையும் அதுல கமிட் பண்ணிட்டுத்தான் போறேன். உங்க ஸ்கிரிப்டும் சேர்த்துதான்!"

சிவிஎஸ் என்பது ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே சேர்த்து வைக்கும் மென்பொருள். அதில் அவள் 'அப்டேட்' கொடுத்ததும் ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. லில்லி பார்டரைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் முதலாளியே மாடியேறி வந்துவிட்டார்.

"யாருக்கு இன்னாம்மா ஆச்சு?"

"எனக்குக் கல்யாணம் ஆவப்போவுதுங்க!" என்றாள் ஸ்டெல்லா.

இப்போதெல்லாம் எதையும் அழிக்கும் முன் அதே குறியை, பட்டியல் மட்டும் காட்டும் 'ls' கமாண்டில் கொடுத்து, எவையெல்லாம் அகப்படும் என்று பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் கமிட் செய்யாமல் செருப்பை மாட்டுவதே இல்லை.

— ஆரணி வாசகி