வெல்லாமல் பாடக்கூடாத பாட்டு

சனிக்கிழமைக் காலைகளில் நான் இரண்டு வெள்ளைக் கொடிகளை அயர்ன் பண்ணுகிறேன். ஒவ்வொன்றும் தலையணை உறை அளவு இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த என் மனைவி சாந்தி, தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். யாழ்ப்பாணத்தில் தெருவில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அங்கே ஒரு செத்தவீடு என்று அர்த்தம். "ஆர் செத்தது? எனக்கேன் சொல்லேல்லை?" என்று கேட்டாள். ஒருவரும் சாகவில்லை, விளையாட்டுக்குப் போகிறேன் என்றேன். "மாடிப்படி ஏற முழங்கால் நோகுது எண்டு அழுகிறியள். உங்களுக்கு என்ன விளையாட்டு?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

எல்லாம் அந்த முழங்காலால் வந்த வினைதான். லண்டன் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய காலம் முழுக்க ஹவுன்ஸ்லோவில் இருந்துவிட்டு, வேலையை விட்ட பிறகு மகளுக்குக் கிட்ட இருக்கலாம் என்று ஸ்ட்ரெதத்துக்கு வந்தோம். வைத்தியர் நடக்கச் சொன்னார். நடந்து நடந்து டூட்டிங் பக்கத்துப் பெரிய புல்வெளிக்குப் போனேன். போன வருடம் கோடை தொடங்கும்போது அங்கே சில இளைஞர்கள் பிளாஸ்டிக் குழாய்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் நாலு. கையில்லாத பெனியன், முட்டை வடிவத்தில் பந்து. றக்பி என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் பந்தை உதைத்தார்கள், குத்தினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் முழங்காலை வைத்து ஏறிப் பிடித்தார்கள். இது என்ன கூத்து என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அணித் தலைவன் லூக் என்னிடம் ஓடி வந்து, உங்களுக்குக் கண் நன்றாகத் தெரியுமா என்று கேட்டான். பாவம், புல்லுக்குள் எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைத்து நான் எழுந்து குனிந்து தேடத் தொடங்கினேன். அவனும் ஏனென்று தெரியாமல் என்னோடு சேர்ந்து கொஞ்சம் தேடினான். பிறகுதான் சொன்னான், கொடி காட்டுகிற ஆள் இன்றைக்கு வரவில்லையாம், அவருக்குப் பதிலாக நான் நிற்க முடியுமாம். அன்று அவன் போடத் தந்த கொடிக்காரரின் வெள்ளை மேலங்கியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அது அவுஸ்திரேலியர்களின் உதைபந்தாட்டம். லண்டனுக்கு வேலைக்கு வரும் அவுஸ்திரேலியப் பிள்ளைகள் இங்கே கழகங்கள் வைத்து விளையாடுகிறார்கள். என் வேலை கம்பங்களுக்குக் கீழே நிற்பது. நடு இரண்டு கம்பங்களுக்கு இடையால் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. இரண்டு விரலை நீட்டிவிட்டு இரண்டு கொடியையும் அசைக்க வேண்டும். ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் பிழைத்த உதை. ஆனால் அதற்கும் ஒரு புள்ளி உண்டு. ஒரு விரல், ஒரு கொடி. பிழைத்ததற்கு ஏன் புள்ளி என்று லூக்கைக் கேட்டேன். அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். "கிட்ட வந்திட்டான்தானே" என்றான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கோலுக்கு வெளியே அடித்தவனுக்குக் கிடைத்தது விளையாட்டு வாத்தியாரின் பிரம்பு. பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்து பெயிலானாலும் பத்துப் புள்ளி குறைந்து பெயிலானாலும் வீட்டில் விழுந்த அடி ஒன்றுதான். கிட்ட வந்ததற்கு ஒரு மனிதனுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

அன்றே மெல்பேர்னுக்கு போன் போட்டேன். என் தம்பி குகன் அங்கேதான் இருக்கிறான். படகில் போனவன். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இன்னமும் தற்காலிக விசா. வெளிநாடு போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில் எங்கும் போகமாட்டான். எனக்கோ, விமானச் சீட்டுக்குக் காசு சேர்ந்தாலும் அவ்வளவு தூரம் போய்வர முழங்கால் விடவில்லை. பேச விஷயமும் தீர்ந்துபோய், மழையோ வெயிலோ என்று கேட்டு வைத்துவிடுகிற நிலைக்கு வந்திருந்தோம். இந்த விளையாட்டின் பெயரைச் சொன்னதும் குகன் உரத்துச் சிரித்தான். "அண்ணை, இஞ்சை கோழி வெட்டுற இடத்திலை இதைத் தவிர வேறை கதை இல்லை. சரியான விசர் விளையாட்டு. பந்து எந்தப் பக்கம் துள்ளும் எண்டு பந்துக்கே தெரியாது" என்றான். அன்று நாங்கள் பேசி முடிக்கும்போது சாந்தி போட்டு வைத்த சோறு ஆறிப்போயிருந்தது.

எங்கள் கழகம் தோற்றது. அடுத்த கிழமையும் தோற்றது. அதற்குப் பிறகும் அதைத்தான் செய்தது. நல்லாக ஓடக்கூடிய ஒருவன் கிரேக்கத் தீவுக்கு விடுமுறை போய்விடுவான். உயரமானவன் சிநேகிதியின் கல்யாணத்துக்குப் போய்விடுவான். மிச்சப் பேருக்கு விசா முடிந்துவிடும். இரண்டு மூன்று வருட விசாவில் வந்து, ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிற பிள்ளைகள் அவர்கள். "வீட்டுக்குப் போகவேண்டியிருக்கே" என்று கண் கலங்க என்னிடம் சொல்வார்கள். வீட்டுக்குப் போக முடிகிறதே, இதற்குப் போய் அழ வேண்டுமா என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவர்களின் துக்கமும் துக்கம்தான் என்று விளங்கியது. ஆட்களைச் சேர்க்க லூக் வெள்ளிக்கிழமைகளில் போனும் கையுமாக அலைவான். ஒரு தடவை மருமகன் வருவாரா என்று என்னைக் கேட்டான். எங்கள் மருமகன் கணக்காளர். பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டார்.

ஆட்டம் முடிந்ததும் வென்ற அணி தோளில் தோள் கோர்த்து வட்டமாக நிற்கும். தங்கள் கழகப் பாட்டை உரத்துப் பாடும். தோற்றவர்கள் தள்ளி நின்று சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு கிழமையும் நான் அடுத்தவர்களின் பாட்டைத்தான் கேட்டேன். எங்களுக்குப் பாட்டு இல்லையா என்று லூக்கிடம் கேட்டேன். இருக்கிறது, ஆனால் வென்றால்தான் பாடலாம் என்றான். அதற்கு முந்தின கோடையில் ஒரே ஒரு ஆட்டம் வென்றபோது அவன் பாடியிருக்கிறான். அன்று பாடிய மற்ற எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது விளையாடுகிற ஒருவருக்கும் அது தெரியாது. எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன். "எழுதி வைத்தால் தோற்றவனும் பாடிவிடுவானே" என்றான். அவனுடைய விசாவும் அந்தச் செப்டெம்பரில் முடிவதாக இருந்தது. ஒரு ஆட்டம் வெல்லாவிட்டால் அந்தப் பாட்டும் அவனோடு விமானம் ஏறிவிடும். அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் உதைக்கும் பந்து போகும் திசையில் என் உடம்பும் சாயத் தொடங்கியது. நடுவராக நிற்பவன் அப்படிச் சாயக்கூடாது.

கடைசி ஆட்டம் வந்தது. எப்படியோ நாங்கள் நாலு புள்ளிதான் பின்னால் நின்றோம். முடிகிற நேரத்தில் லூக் பந்தைப் பிடித்து என் பக்கம் உதைத்தான். கோல் விழுந்தால் வெற்றி. பந்து சுழன்று சுழன்று நடுக் கம்பங்களுக்கு நேரே வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் என் மூக்குக்கு முன்னால் எம்பினான். அவனுடைய நடுவிரலின் நுனி பந்தில் பட்டது. பட்ட சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஒருவர் கை பட்டுப் போனால் அது கோல் இல்லை, ஒரு புள்ளிதான். எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பெரிய நடுவர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. விரலால் தட்டியவனே, பட்டது தெரியாமல், கோல் போய்விட்டது என்று தலையில் கை வைத்து நின்றான். இரண்டு விரலை நீட்ட எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஒரு விரலை நீட்டினேன்.

எங்கள் ஊர் மைதானமாக இருந்தால் நான் வேலி பாய்ந்து ஓடியிருக்க வேண்டும். லூக் மெல்ல நடந்து வந்தான். "கை பட்டதா?" என்றான். பட்டது என்றேன். "கூடாத நேரத்தில் கண் நன்றாகத் தெரிகிறது உங்களுக்கு" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மூன்று புள்ளியால் வென்ற எதிரணி அந்தப் பக்கத்தில் வட்டமாக நின்று பாடியது. நான் கொடிகளைச் சுருட்டினேன்.

பருவ முடிவு விருந்தை டூட்டிங்கில் எங்கள் ஊர் ஆள் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான், மேல்மாடியைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு ஆட்டமும் வெல்லாதவர்கள் எதற்கு விருந்து வைக்கிறார்கள் என்று சாந்தி கேட்டாள். அதைப் பார்க்கத்தானே நானும் போகிறேன் என்றேன். கொத்துரொட்டி வந்தது. நீங்கள்தான் தொடக்கிவைக்க வேண்டும் என்று லூக் என்னை எழுப்பினான். நம்முடைய எந்த விழாவும் பாட்டில்லாமல் தொடங்குவதில்லை. கோயில் விழா என்றாலும் பழைய மாணவர் ஒன்றுகூடல் என்றாலும் முதலில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பாட்டு. அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், "எல்லோரும் எழுந்து நில்லுங்கள், கழகப் பாட்டோடு தொடங்குவோம்" என்றேன். கதிரைகள் அசையவில்லை. கரண்டிகள் அப்படியே நின்றன. ஒரு பையன் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சிவ்வோ," என்றான் லூக். சிவலிங்கம் என்ற பெயரை அவர்கள் அப்படி ஆக்கிவிட்டார்கள். "நாங்கள் வெல்லவில்லை, சிவ்வோ." அவ்வளவுதான் சொன்னான். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

வெட்கம் ஆறிய பிறகு எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் இளம் வயதில் யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி கட்டாத சந்தி இல்லை. போர்க் காலம். இயக்கத்தின் வெற்றிப் பாட்டுகளாகவே போட்டார்கள். வெல்வதற்கு வெகு காலம் முந்தியே நாங்கள் எல்லோரும் அவற்றைப் பாடினோம். நானும் குகனும் சைக்கிளில் போகும்போது பாடினோம். பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே சும்மா ஒரு விளையாட்டுக்கு, வெல்லாமல் பாடமாட்டோம் என்று வாயை மூடிக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிடுகிறார்கள் இந்தப் பிள்ளைகள். எனக்கு அவர்கள் மேல் மரியாதையும் வந்தது, எங்களை நினைத்து அழுகையும் வந்தது.

கலைந்து போகும்போது லூக் என்னைக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்தப் பக்கம் மரக்கறிக் கடை, அந்தப் பக்கம் நகைக் கடை. பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவன் ராகம் இல்லாமல், பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப் போல, அந்தப் பாட்டின் வரிகளை எனக்குச் சொன்னான். தோல்வி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது என்று ஒரு வரி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ராகத்தைப் பாடக்கூடாதே, அதனால் மெட்டின் தாளத்தை மேசையில் தட்டுவது போல் என் தோளில் தட்டிக் காட்டினான். என்னைப் பிடித்து ஏன் சொல்கிறாய், விளையாடுகிற யாருக்காவது சொல்லேன் என்றேன். "அவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள், சிவ்வோ. இங்கே இருக்கப்போகிற ஆள் நீங்கள்தான்" என்றான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எப்போது போவாய் என்று பலர் பல விதமாக என்னைக் கேட்டிருக்கிறார்கள். இருக்கப்போகிறவன் என்று சொன்ன முதல் ஆள் அவன். நல்ல காலம், வாசலில் வெளிச்சம் குறைவு.

செப்டெம்பரில் லூக் ஊருக்குப் போய்விட்டான். குகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ அண்ணை" என்றான். ஏலாது என்றேன். "நான் ஆருக்குச் சொல்லப்போறன்? போனிலைதானே?" என்று கெஞ்சினான். "வெண்டாப் பிறகுதான்ரா" என்றேன். "ஓம் அண்ணை. அதுதான் சரி" என்றான். அவனும் அந்தச் சைக்கிளைத்தான் நினைத்திருப்பான்.

இந்தக் கோடை புது முகங்கள் வந்திருக்கின்றன. இதுவரை தோல்விதான். போன சனிக்கிழமை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து புதிதாக வந்த ஒருத்தன் தண்ணீர் குடிக்க என் கம்பத்தடிக்கு வந்தான். நமக்குப் பாட்டு ஒன்று இருக்கிறதாமே என்றான். இருக்கிறது, வென்றால் சொல்லித் தருகிறேன் என்றேன். நீங்கள் இந்த ஊரா என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் யாழ்ப்பாணம் என்றுதான் தொடங்குவேன். அன்று, ஆமாம், இந்த ஊர்தான் என்று வாயில் வந்துவிட்டது. அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். அந்தப் பாட்டு, எங்கள் வீடு கடலுக்கு அப்பால் இருக்கிறது என்றுதான் தொடங்குகிறது. என்றாவது இவர்கள் வென்றால், முதல் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். குரல் உடையாமல் எடுத்துக் கொடுப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.