இடது முன் சக்கரம்

1991ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர் மெர்சியின் அம்பாசடர் காரை எல்லப்பனின் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான் டிரைவர் பாபு. ஸ்ரீபெரும்புதூரை விட்டு ஒரகடம் போகும் சாலையில், கடைசி வீடுகளைத் தாண்டி இருந்தது அந்த ஷெட். இரவெல்லாம் பெய்த மழையில் வாசலில் சேறு.

"மூணு நாளா கத்திக்கினே கீது எல்லப்பா. பள்ளத்துல எறங்கினா கிரீச், ஏறினா கிரீச். பத்தரைக்குள்ள முடிச்சுக் குடு. டாக்டரம்மாவுக்கு இன்னிக்கு செங்கல்பட்டுல ஒரு ஆபரேஷன்."

"சத்தம் எந்தப் பக்கம்?"

"பின்னால தான்."

எல்லப்பன் தலையாட்டினான். சாலையை ஒருமுறை எட்டிப் பார்த்தான். செங்கமலம் இன்னும் வரவில்லை.

எல்லப்பன் பென்னலூர்க்காரன். அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். தகட்டை மிஷினில் வைத்து அடிக்க அடிக்க, நாள் முழுக்கக் காதருகே இரும்பு இடித்துக்கொண்டே இருக்கும். முதலில் மழைக்காலத்துச் சில்வண்டுச் சத்தம் கேட்காமல் போனது. பிறகு குக்கர் விசில். பேச்சு கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், எஞ்சின் உறுமுவது நன்றாகவே கேட்கும். கீச்சென்று மேலே எழும்பும் சத்தங்கள் மட்டும் அவன் காதுக்கு வந்து சேருவதில்லை. வேலையை விட்டபின் ஒரு லாரி ஷெட்டில் நான்கு வருடம் தொழில் பழகி, பிறகு சொந்தமாக இந்த ஷெட்டைப் போட்டான்.

காது விஷயம் அவன் மனைவி செங்கமலம் ஒருத்திக்குத்தான் தெரியும். சத்தம் கேட்காத மெக்கானிக்கிடம் யார் வண்டியைக் கொண்டுவருவார்கள்? அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ரிப்பேர் பார்த்த வண்டியை அவன் ஷெட்டுக்கு முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவான். அவள் தூக்குச் சட்டியோடு சாலையோரம் நிற்பாள். சத்தம் முன்னாலிருந்து வந்தால் கையைத் தலைக்குக் கொண்டுபோவாள், பின்னாலிருந்து வந்தால் இடுப்பில் வைப்பாள். எந்தக் கையோ, அந்தப் பக்கம். சாப்பாடு கொண்டுவந்த மனைவி தலைமுடியை ஒதுக்குகிறாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மூன்று வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முந்தின நாள் அவள் வடக்குப்பட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய தங்கை தாயாரம்மாளுக்குக் காய்ச்சல். காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

எல்லப்பன் காரின் பின்புறத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டான். கரகரவென்று அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது அவனுக்குக் கேட்டது. அடியில் படுத்துப் பார்த்தான். பின் சக்கரங்களைத் தாங்கும் கமான் பட்டைகளுக்கு நடுவே துருவும் சேறும் அடைத்துக் கிடந்தன. பட்டையின் முனையிலிருந்த ரப்பர் புஷ்கள் நைந்திருந்தன. பட்டைகளைப் பிரித்துச் சுரண்டி, எண்ணெய் விட்டு, புது புஷ் போட்டு முடிக்கும்போது மணி பத்து. மறுபடி அழுத்தினான். சத்தம் இல்லை.

செங்கமலமும் இல்லை.

பாபுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று ஓட்டினான். திரும்பி ஷெட்டுக்குள் நுழையும்போது பாபு நெற்றியைச் சுருக்கினான்.

"கொறைஞ்சு கீது. ஆனா திருப்பும்போது இன்னாவோ கேக்குதே."

எல்லப்பன் காதைத் தீட்டிக்கொண்டு ஸ்டியரிங்கை இன்னொரு தரம் திருப்பினான். அவனுக்கு எஞ்சின் ஓசைதான் கேட்டது. "இரு, என் பொண்டாட்டி வரட்டும்" என்று எப்படிச் சொல்வது?

"புது புஷ்ஷு. அம்பது மைல் ஓடினா அடங்கிடும்," என்றான்.

சொன்ன கையோடு சாலையை மறுபடி எட்டிப் பார்த்தான். அதற்குள் டாக்டரம்மா கைப்பையோடு ரிக்‌ஷாவில் வந்துவிட்டார். "முடிஞ்சுதா எல்லப்பன்? பாபு, வழியில ஒரகடத்துல, போன வாரம் பிரசவமான ஞானம்மாவைப் பார்த்துட்டுப் போயிடலாம், பத்து நிமிஷம்தான்," என்றபடி பின்சீட்டில் ஏறினார். கார் போய்விட்டது.

கால் மணி நேரம் கழித்து பஸ் வந்து நின்றது. செங்கமலம் இறங்கியதும் நேராக அவனிடம் வந்தாள். முகம் சரியாக இல்லை.

"டாக்டரம்மா வண்டிய நீதான பாத்த?"

"ஆமா. இன்னா இப்போ?"

"கல்வெர்ட்டுகிட்ட பஸ் வழிவுட்டு நின்னுச்சு. வண்டி எங்க பக்கத்துல ஒடிச்சுத் திரும்பிச்சு. முன்னால எடது பக்கம் ஊசி மாரி கத்துது. கத்தி முடிச்சதும் உள்ள டொக்குனு ஒரு சத்தம்."

"டொக்குன்னா?"

"மரை கழண்ட மூடியத் திருப்பினா நழுவுமே, அந்த மாரி."

எல்லப்பன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். அம்பாசடரின் முன் சக்கரம் கீழே ஒரு மூட்டில் மரையிட்டு நிற்கிறது. கிரீஸ் இல்லாமல் காய்ந்தால் முதலில் அது கத்தும். கத்தும்போது பார்க்காவிட்டால் மரை தேய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பிக்கும். ஒரு நாள் மூட்டு கழன்று, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். அவன் காலையில் முன்பக்கம் போகவே இல்லை.

ஒரகடத்தைத் தாண்டினால் சாலை ஏரிக்கரை மேல் போகிறது. ஏரி நிரம்பி இருந்தது.

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பகலவனிடம் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி இருந்தது. எல்லப்பன் சாவியைக் கேட்டான், காரணம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகலவனும் கேட்கவில்லை. செங்கமலம் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"எதுர வர்ற வண்டி ஹாரனடிச்சா உனுக்குக் கேக்கும். அந்தக் கார் எங்கனா திரும்பும்போது கத்தினா கேக்குமா? வுடு வண்டிய."

சாலை முழுக்க மழைப் பள்ளம். எதில் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இரண்டு பேர் பாரத்தில் வண்டி முப்பதுக்கு மேல் ஏற மறுத்தது. வல்லத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். எல்லப்பன் மண்ணில் இறங்கி அதைத் தாண்டினான். பின்சக்கரம் சறுக்கியது. செங்கமலம் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் சாலையோரத்தில் வெள்ளைக் கார் சாய்ந்து கிடக்குமோ என்று அவன் கண் தேடியது. டாக்டரம்மா பின்சீட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதை ஞாபகப்படுத்திப் பார்த்தான். இடது பக்கம்.

ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள்.

"டாக்டரம்மா காரா? இப்பத்தான் கெளம்பிச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும்."

ஏரிக்கரை ஆரம்பிக்கும் இடத்தில் கார் கண்ணில் பட்டது. முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போய்க்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் போனது. எல்லப்பன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பாபு கண்ணாடியில் பார்த்ததாகத் தெரியவில்லை. வைக்கோல் வண்டி ஓரங்கட்டியது. கார் வேகமெடுக்கப் பார்த்தது.

"கத்துது," என்றாள் செங்கமலம் அவன் காதருகே. "நேராப் போவும்போதே கத்துது இப்போ."

அவன் காருக்குப் பக்கவாட்டில் போனான். செங்கமலம் கையை நீட்டிப் பின்சீட்டு ஜன்னலைத் தட்டினாள். டாக்டரம்மா திடுக்கிட்டுத் திரும்பி, அவளை அடையாளம் கண்டுகொண்டு, பாபுவின் தோளைத் தொட்டார். பாபு வேகத்தைக் குறைத்து, நிறுத்துவதற்காக வண்டியை இடப்பக்கம் ஒடித்தான்.

டமாலென்று ஒரு சத்தம். அது எல்லப்பனுக்கும் கேட்டது. இடது முன் சக்கரம் வெளிப்பக்கமாகப் படுத்துக்கொண்டது. காரின் மூக்கு மண்ணில் குத்தி, ஈரக் கரையை உழுதுகொண்டு நாலடி போய் நின்றது. அதற்கப்பால் ஒரு ஆள் படுக்கும் இடம்தான் இருந்தது. கீழே தண்ணீர்.

யாரும் அசையவில்லை. பிறகு எல்லப்பன் வலப்பக்கக் கதவைத் திறந்து டாக்டரம்மாவைக் கைகொடுத்து இறக்கினான். முன்சீட்டில் இடித்து அவர் நெற்றி சிவந்திருந்தது. வேறு காயம் இல்லை. பாபு இறங்கி, சக்கரத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். பிறகு எல்லப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"காலையில நீ கை வெச்ச வண்டிடா இது. சத்தம் கேக்குதுன்னு சொன்னேன்ல? அடங்கிடும்னு சொன்னியே. இந்தம்மா உசுருக்கு எவன் பதில் சொல்றது?"

எல்லப்பன் குனிந்து உடைந்த மூட்டைப் பார்த்தான். எலும்புபோல் காய்ந்திருந்தது. மாதக்கணக்கில் அங்கே கிரீஸ் போகவில்லை. கிரீஸ் அடிப்பது டிரைவர் வேலை. அதைச் சொல்லிவிட்டால் போதும், பழி அங்கே போய்விடும். பாபுவுக்கும் அது தெரிந்திருந்தது. சட்டையைப் பிடித்தபடியே, மூட்டின் பக்கம் பார்க்காமல் நின்றான்.

"மெர்சிம்மா," என்றான் எல்லப்பன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் முன்பக்கம் பாக்கவே இல்லம்மா. இந்தச் சத்தம் எனுக்குக் கேக்காது. ரொம்ப வருஷமாவே கேக்காது. இவ கேட்டுச் சொல்லுவா, நான் பாப்பேன். இன்னிக்கி இவ இல்ல. இல்லன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு பொய் சொல்லிட்டேன்."

பாபுவின் பிடி தளர்ந்தது. டாக்டரம்மா செங்கமலத்தைப் பார்த்தார்.

"நீ கேட்டியா?"

"பஸ்ல வரும்போது கேட்டேம்மா."

டாக்டரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். கோபம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. "மூட்டு ஏன் காய்ஞ்சுது?" என்று கேட்டார்.

எல்லப்பன் குனிந்து மூட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தான். பாபுவே, தரையைப் பார்த்தபடி, "ஆடிக்கு அப்பால நான் கிரீஸ் அடிக்கலம்மா," என்றான்.

"ரெண்டு பேருக்கும் பேச வேண்டியதை அப்புறம் பேசறேன். அங்கே ஒருத்தி டேபிள்ல காத்துக்கிட்டு இருப்பா."

வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி அவர் ஏறிப் போய்விட்டார். பாபு உதிரிச் சாமான் வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்குப் புறப்பட்டான். எல்லப்பனும் செங்கமலமும் ஏரிக்கரையில் காருக்குக் காவலாக உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஒரு தூறல் போட்டது. அவள் தங்கை கொடுத்தனுப்பிய கூழைப் பங்கிட்டுக் குடித்தார்கள். "எல்லார் எதுரயும் சொல்லிட்ட," என்றாள் அவள். அவன் கூழ்ச் சட்டியைக் கழுவ ஏரியில் இறங்கினான்.

அடுத்த வாரம் டாக்டரம்மா அவனைக் கிளினிக்குக்கு வரவழைத்துக் காதைப் பார்த்தார். சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே சொன்னதும் அவர் சொன்னதுதான்: போனது திரும்பாது. கார் விஷயத்தில், காது கேட்காததற்காக அவர் அவனைத் திட்டவில்லை. பொய்க்காகத் திட்டினார், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

சேதி ஊரில் பரவ அது போதுமாயிருந்தது. ரைஸ் மில்காரர் தன் ஜீப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். கார்த்திகை முழுக்க ஷெட் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. செங்கமலம் இனிமேல் சாலையோரத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து கேட்பதென்று முடிவானது. சில பேர் சிரித்தார்கள், ஒருவர் பெண்பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று போயே போய்விட்டார். பாபு மட்டும் மாதம் தவறாமல் அம்பாசடரைக் கிரீஸ் அடிக்கக் கொண்டுவந்தான். எல்லப்பனோடு அதிகம் பேசுவதில்லை. அவன் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்ப்பான்.

தை மாதம் அவன் கூடவே இன்னொரு டிரைவர் ஒரு பியட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பேர் சின்னப்பையன். வளைவில் கீச்சென்று சத்தம் வருவதாகச் சொன்னார்.

"என் பொண்டாட்டி இல்லைங்க, வடக்குப்பட்டு போயிருக்கா," என்றான் எல்லப்பன். "அந்தச் சத்தம் என் காதுக்கு வராது, அவதான் கேட்டுச் சொல்லணும். அவசரம்னா வேற எடம் பாருங்க. இல்லன்னா நாளைக்குக் காலைல கொண்டாங்க."

சின்னப்பையன் பாபுவைப் பார்த்தார். பாபு தோளைக் குலுக்கினான்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வருவாங்க அவங்க?" என்று கேட்டார் சின்னப்பையன்.