சத்தம் வைத்துத் தைத்த சப்பாத்து

என்னைக் கவுதாரி வேட்டைக்கு அழைத்துப் போகாததற்கு அப்பா சொன்ன காரணம் எப்போதும் ஒன்றுதான். "உனக்குச் சப்பாத்து ஏதும்மா?" என்பார். பெண் பிள்ளை வரக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் எனக்குக் கோபித்துக்கொள்ளவும் வழி இல்லாமல் போயிற்று. பதுளைக் கடைவீதியில் பெண்கள் காலுக்கு வேட்டைச் சப்பாத்து யாரும் விற்பதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கொழும்பில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்த வருஷம், அந்தக் காரணத்தை இல்லாமல் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சேர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருக்காது. அதற்குள் ஒருமுறையாவது அப்பாவோடு மலைக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது. சாப்பிடும்போது கேட்டேன்.

"சப்பாத்து கிடைச்சா கூட்டிட்டுப் போவீங்களாப்பா?"

"கிடைச்சா வா."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"கடைக்காரன் வாக்கும்மா. மாறுமா?"

அம்மா ரசம் ஊற்றியபடியே, "அந்த வாக்கைத்தான் தெனம் கடையில கேக்குறோமே" என்றாள். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அப்பாவின் கடையில் அரிசி, கருவாடு, கம்பளி, விளக்குத் திரி எல்லாம் உண்டு. சப்பாத்து மட்டும் கிடையாது. எனவே மற்றக் கடைகளில் தேடினேன். முதலில் பார்த்தது சீமையிலிருந்து வந்த பெண்களின் பூட்ஸ். பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான்கள், முன்பக்கம் கிளிமூக்கு, குதியோ மூன்று விரல் உயரம். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நான்கு அடி நடப்பதற்குள் என் சுண்டுவிரல் அழ ஆரம்பித்துவிட்டது. அடுத்தது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த வேட்டைப் பூட்ஸ். தோல் அருமையானது, தையலும் உறுதி. ஆனால் ஒரு பூட்ஸுக்குள்ளேயே என் இரண்டு காலும் போகும். ஏலக்காரர், "துணியை உள்ள திணிச்சுக்கங்கம்மா" என்றார். தளர்ந்த சப்பாத்துக்குள் கால் உராய்ந்து எப்படிக் கொப்புளிக்கும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் கொப்புளத்தைப் பற்றிக் கேட்க வந்தவர் அல்ல.

ஆகவே தைத்துக்கொள்வதுதான் வழி. கடைவீதியின் கீழ்க்கோடியில் சப்பாத்து தைக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். டாக்டர்மார், கிளாக்கர்மார் எல்லோருக்கும் அவர்தான் தைப்பார். என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். பயிற்சியில் வந்த பழக்கம். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது.

மேல்தோல் கெண்டைக்காலில் பாதிவரை ஏற வேண்டும். மானாப்புல் மூடிய வெட்டவெளி மலைச்சரிவைத்தான் எங்கள் பக்கத்தில் பத்தனை என்கிறோம். அந்தப் புல் காலை அறுக்கும், இடையில் வரும் ஓடைப்பள்ளங்களில் அட்டை ஏறும். நாடாவுக்கு அடியில் இருக்கும் நாக்கை இருபக்கமும் மேல்வரை சேர்த்துத் தைக்க வேண்டும். அட்டை நுழைவது அந்த இடுக்கில்தான். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது நகம் போய்விடும். குதி மட்டும் உள்ளே அசையக் கூடாது. அடித்தோல் இரண்டு அடுக்கு. ஆணி வேண்டும், ஆனால் நெருக்கமாக வேண்டாம்; பத்தனையில் பாறையும் உண்டு, பாறையில் ஆணி வழுக்கும். கடைசியாக, கால் அளவைச் சாயங்காலம்தான் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு. நாள் முழுவதும் நின்ற கால் காலையில் இருந்த கால் அல்ல.

அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏந் தாயி, காலுக்குச் சப்பாத்து வேணுமா, இல்ல காலுக்கு வீடு கட்டணுமா?"

"வீடுதாண்ணே. ஒழுகாத வீடு."

"அப்ப கூரையில ஆரம்பிப்போம்" என்று ஒரு தோலை எடுத்து மடித்துக் காட்டினார். அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். "தோலைக் குளிப்பாட்டிப் பாத்த மொத ஆளு நீங்கதான்" என்றார். ஆனாலும் ஊறப்போட்டார். மறுநாள் போய் மடித்துப் பார்த்தேன். மடிப்பில் வெடிப்பு இல்லை. தைக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை வாங்கப் போனபோது அண்ணன் முகம் மலர்ந்திருந்தது. தாளில் எழுதியிருந்தது ஒன்றுகூடத் தவறவில்லை. போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். குதி அசையவில்லை, விரல்கள் சும்மா இருந்தன. அவர் கடைக்கு வெளியே இருந்த சரிவில் மூன்று முறை இறங்கி ஏறினேன். 'கிர்ரீக், கிரீச்' என்று சத்தம் கேட்டது.

"கேக்குதா தாயி? ரெண்டு அடித்தோலுக்கு நடுவுல காஞ்ச தோல் ஒண்ணு வச்சுத் தச்சிருக்கேன். பெரிய டாக்டருக்குக்கூட இவ்வளவு சத்தம் வைக்கல. மருத்துவச்சியம்மா வர்றது நாலு லயத்து வீட்டு வரிசைக்கு முன்னாலயே தெரியணும்ல? இது நீங்க எழுதாதது. என் பிரியத்துக்கு."

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எங்கள் ஊரில் மதிப்புள்ள மனிதர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் படுவார். சத்தம் போடாத சப்பாத்து ஏழைச் சப்பாத்து. கடைவீதி முழுக்கக் கிரீச்சிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அம்மா வாசலிலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "இன்னொரு நடை நடந்து காட்டு. அடேயப்பா, என்னா ஒரு கம்பீரம்!" என்றாள். இருட்டியபின் கடை பூட்டி வந்த அப்பா, கழற்றி வைத்திருந்த சப்பாத்தைத் தூக்கிப் புரட்டி, தையலை இழுத்து, நாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெள்ளன எழுந்திரு" என்றார்.

ஞாயிறு விடியும்போது ஒற்றை மாட்டு வண்டியில் ஹாலிஎல தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா, நான், அப்பாவின் வேட்டைக் கூட்டாளியான ஒரு கங்காணி, அவருடைய செவலை நாய். கங்காணி ஒரு தோட்டத்தில் ஐம்பது பேரை மேய்க்கிறவர். அந்த ஐம்பது பேருக்கும் கேட்கும்படிப் பேசியே பழக்கம். மலையில் ஏறிவிட்டால் மட்டும் கிசுகிசுப்பார்.

வண்டியைப் பாதையோரம் நிறுத்திவிட்டுப் பத்தனையில் ஏறினோம். பனி இன்னும் புல்லில் இருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் மேகம், மேலே நாங்கள் மட்டும் வெயிலில். நான் மூச்சு வாங்காமல் ஏறினேன். காலுக்கு ஒரு குறையும் இல்லை. புல் அறுக்கவில்லை, ஓடையைத் தாண்டியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மனதுக்குள் என் தாளில் ஒவ்வொரு வரியாகச் சரி போட்டுக்கொண்டே வந்தேன்.

புல்லிலிருந்து பாறைக்கு வந்ததும் ஆரம்பித்தது. கிர்ரீக், கிரீச். கிர்ரீக், கிரீச்.

அப்பா நின்றார். கங்காணி நின்றார். நாயும் நின்று என் காலைப் பார்த்தது.

"என்னங்க தாயி, வண்டிச் சக்கரத்தக் கால்ல கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் கங்காணி.

நான் விரல் நுனியில் நடந்து பார்த்தேன். சத்தம் கூடியது. குதியில் நடந்தேன். வழுக்கியது. கவுதாரி பறப்பதற்கு முன் ஓடுகிற பறவை. கொஞ்சம் சத்தம் கேட்டால் போதும், புல்லுக்குள்ளேயே ஓடி மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்பா இதையெல்லாம் நான் சின்னவளாக இருந்தபோதே சொல்லியிருக்கிறார். என் தாளில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

"கழட்டிட்டு வெறுங்காலோட வர்றேம்ப்பா" என்றேன்.

"மானாப்புல்லுலயா? உன்ன யாரு தூக்கிட்டு எறங்குறது?" அப்பா குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ வண்டிக்குப் போயிரும்மா. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

இன்னொரு நாள் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சரி என்றேன். திரும்பி இறங்குவதற்கு முன், நாடாவை இறுக்கலாம் என்று வலது காலைப் பாறை மேல் தூக்கி வைத்து அழுத்தினேன்.

கிர்ரீக், கிரீச்.

எதிர்ச் சரிவிலிருந்து, 'கிர்ரீக், கிரீச்' என்று பதில் வந்தது.

நாயின் காது இரண்டும் எழுந்தன. யாரும் அசையவில்லை. எதிரொலி என்றுதான் நினைத்தேன். எதிரொலி மறுபடி தானாகக் கூப்பிடாது. இது கூப்பிட்டது, அதுவும் கொஞ்சம் ரோஷத்தோடு.

"ஆம்பளக் கவுதாரிங்க மொதலாளி," கங்காணி கிசுகிசுத்தார். "நம்ம எடத்துல எவன்டா வந்து கூவுறதுன்னு கேக்குது."

அப்பா என் காலைப் பார்த்தார், எதிர்ச் சரிவைப் பார்த்தார், மறுபடி என் காலைப் பார்த்தார். கடையில் கள்ளக் காசைச் சுண்டிப் பார்க்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இன்னொரு தரம் செய்."

செய்தேன். பதில் வந்தது, முன்பைவிடக் கிட்டத்தில். சோதித்துப் பார்ப்பது என்று வந்துவிட்டால் எனக்கு முறைப்படிதான் செய்ய வரும். இடது காலால் அழுத்தினேன், பதில் இல்லை. வலது கால், விரலிலிருந்து குதிக்கு, பதில் இல்லை. வலது கால், குதியிலிருந்து விரலுக்கு, மெதுவாக, உடனே பதில். கங்காணி தலைப்பாகைத் துணியை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

பறவை ஒரு கறையான் புற்றின் மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டியபோது எல்லோரும் பார்த்தோம். கறுத்த உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, கன்னத்தில் செங்கல் நிறம். தன் மலையைக் காக்க வந்த வீரன். கங்காணி நாயை விட்டார். பறவை சட்டென்று எழும்பியது, கூடவே புல்லிலிருந்து இன்னும் இரண்டு. அப்பா துப்பாக்கியின் இரண்டு குழலிலும் சுட்டார். ஒன்று விழுந்தது. புற்றின் மேல் நின்ற வீரன் தப்பித்துப் பள்ளத்தாக்கு மேகத்துக்குள் போனான். அங்கிருந்தும் ஒருமுறை என் சப்பாத்தைத் திட்டினான்.

அதற்கு மேல் கங்காணியால் முடியவில்லை. பாறையில் உட்கார்ந்து ஐம்பது பேருக்கும் கேட்கும்படிச் சிரித்தார். "மொதலாளி, என் நாய வித்துர்றேன். பாப்பாவோட வலது கால் போதும்!"

அப்பாவும் சிரித்தார். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி நின்ற பக்கத்தைத் திரும்பியும் பார்க்காமல், அடுத்த மேட்டைக் காட்டினார். "நட தாயி. பாறை பாத்து நட."

அன்று மத்தியானம்வரை மூன்று மேடு ஏறினோம். இன்னும் இரண்டு கவுதாரி கிடைத்தன. ஒரு மேட்டில் என் சப்பாத்து எவ்வளவோ கெஞ்சியும் ஒரு கவுதாரியும் பதில் பேசவில்லை. ராத்திரி அம்மா மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள். அண்ணனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம். நடந்ததைக் கேட்டவர், "டாக்டருங்களுக்குச் சொல்லாதீங்க தாயி, எல்லாரும் இதே சத்தம் வேணும்னு சண்டைக்கு வருவாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரம் மழை விடவில்லை. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு நடந்து நடந்து சப்பாத்து நன்றாக நனைந்து உலர்ந்திருந்தது. சனிக்கிழமை காலை விளக்கெண்ணெயும் மெழுகும் சூடாக்கிக்கொண்டு, தோலுக்குப் பூசலாம் என்று உட்கார்ந்தேன். எண்ணெய் ஊறினால் தோலும் இளகும், சத்தமும் அடங்கிவிடும். அப்போது சாமான் வண்டிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். அப்பா கருவாடும் கடலை மிட்டாயும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"மொதலாளி ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க" என்றார் வண்டிக்காரர், கவனமாக மனப்பாடம் செய்து வந்தவரைப் போல. "லீவு கெடைக்கிற ஞாயித்துக்கெழம வரச் சொன்னாங்க. அதுவரைக்கும் வலது காலுக்கு எண்ணெ போடவே வேணாமாம்."

இடது காலுக்கு மட்டும் பூசிவிட்டு எண்ணெய்ச் சட்டிக்கு மூடியைப் போட்டேன்.