கடைப் பிரிட்ஜில் வைத்த ஊசி

எங்கள் வீதியில் யார் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சீனி போடாத தேநீர்தான் வரும். எனக்குச் சீனி வருத்தம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அது நானே சொன்ன பொய். சொல்லிப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. இனித் திருத்தக் கூச்சமாக இருக்கிறது.

அப்போது கலியாணம் முடித்து ஏழு வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. முதலில் பூவரசங்குளப் பக்கத்தில் இருந்த ஒரு பரியாரியாரிடம் போனோம். எங்கள் வட்டக்கச்சியிலிருந்து விடியப் புறப்பட்டால் மத்தியானம்தான் அங்கே போய்ச் சேரலாம். எனக்குக் கசாயமும் பத்தியமும் சொன்னார். என் கணவருக்குப் பூனைக்காலி விதைத் தூள், பாலில் கலந்து குடிக்க.

கசாயம் மூன்று மணித்தியாலம் வற்ற வேண்டும். முற்றத்து அடுப்பில் வற்றும்போது அந்த மணம் வீதி முழுக்கப் போகும். பிறகு யாருக்கு எதை மறைப்பது? ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து குசினிக்குள் வைத்துவிட்டுப் போவார். பின்வளவில் முருங்கை பூத்தால் முதல் பூ எங்களுக்குத்தான். யாரோ ஒருவர் சேலைத் தலைப்பில் நாலு முட்டை முடிந்து வருவார். வயலில் ஆண்கள் என் கணவரைச் சும்மா விடமாட்டார்கள்.

“தம்பி, அந்தத் தூளில கொஞ்சம் எங்கட நாம்பன் மாட்டுக்கும் தாங்கோவன்.”

இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு முகம் சுடும். ஆனால் இப்போது நினைத்தால், அந்த ஒன்றரை வருடமும் ஊர் கூடி ஏதோ நல்ல காரியத்துக்கு ஆயத்தம் செய்தது போல இருக்கிறது. இந்த மாதம் இல்லையென்றால் அடுத்த மாதம். யாரும் நாள் குறித்துக் கேட்கவில்லை.

கடைசியில் பரியாரியாரே, தன்னால் ஏலாது, கொழும்புக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். போனோம். இரண்டு பக்கக் கருக்குழாயும் அடைத்திருந்தது. டொக்டர் கோபிக்கவில்லை. கசாயம் அடைப்பைத் திறக்காது, கருவை வெளியே உண்டாக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். ஒருமுறைக்குத்தான் எங்கள் காசு காணும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இதை நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கசாயத்துக்கு முடிவு நாள் இல்லை. இதற்கு இருந்தது. அந்த நாளில் இல்லையென்று வந்தால், வீடு வீடாக எப்படிச் சொல்வது?

முதல் பத்து நாள் ஊரிலிருந்தே வயிற்றில் ஊசி போட வேண்டும். ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. சந்திக் கடையில் சோடாவும் யோகட்டும் வைக்கிற ஒன்று இருந்தது. கடைக்கார அக்காவிடம் பெட்டியை நீட்டினேன். என்ன மருந்தென்று அவர் கேட்க முன்னமே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“இன்சுலின், அக்கா. எனக்குச் சீனி வருத்தம்.”

அக்கா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யோகட் கோப்பைகளைத் தள்ளிவிட்டு உட்பக்கமாக வைத்தார்.

அப்போது கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் மூலம் பின்னேரத்துக்குள் வீதிக்கே தெரிந்துவிட்டது. மாமி குறிஞ்சா இலையோடு வந்தார். மற்றவர்கள் பாகற்காய் கொண்டுவந்தார்கள். தேநீரில் சீனி நின்றுபோனது. குறிஞ்சா அந்த ஊசிக்கு ஒத்துவருமோ என்று பயம். டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்கவும் கூச்சம். ஆட்கள் போனதும் எல்லாவற்றையும் வாழையடியில் தாட்டுவிடுவேன்.

“எங்கட வாழைக்கு இனிச் சீனி வருத்தமே வராது” என்றார் இவர்.

ஏழாம் நாள் காற்றும் மழையும். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. சைக்கிளை மிதித்துக் கடைக்கு ஓடினேன். பிரிட்ஜின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வாசலில் நின்றே அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா உள்ளேயிருந்து குளிர் தாங்குகிற ஒரு ரெஜிபோம் பெட்டியோடு வந்தார். இரணைமடுவிலிருந்து மீன் கொண்டுவருகிறவரை மறித்து ஐஸ் வாங்கியிருக்கிறார்.

“ஐஸ் முட்டக்கூடாதெண்டு துணியில சுத்தி வச்சனான், பிள்ளை. பயப்பிடாதேங்கோ, பழுதாகேல்லை.”

துணியை விலக்கி மருந்தைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் படக்கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

பத்து நாளும் முடிந்தது. கொழும்பில் இரண்டு கரு வைத்தார்கள். அறை எடுத்துத் தங்கிப் பதினாலு நாள் எண்ணினோம். கரு தங்கவில்லை.

ஊருக்கு வந்து ஒரு கிழமை நான் படலைக்கு வெளியே போகவில்லை. உப்பு முடிந்த பிறகுதான் கடைக்குப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் வெறும் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து ஒரு கையில் தந்தார். மற்றக் கையைப் பிடித்து விரித்து, நக்கிக் குடிக்க உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார்.

“என்ர தங்கச்சியும் உந்த ஊசிப் பெட்டிதான் வச்சிருந்தவள்” என்றார். “இப்ப சீனியோட குடியுங்கோ.”

தங்கச்சிக்குச் சரிவந்ததோ என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு கையில் தேநீர், மற்றக் கையில் சீனி. கண்ணைத் துடைக்க எனக்குக் கை இருக்கவில்லை. அக்காதான் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால் இன்றைக்கும் வீதி முழுக்க எனக்குச் சீனி போடாத தேநீர். அந்தக் கடையில் மட்டும் நான் கையை நீட்டுவேன்.