மாமா அம்மாவை மதாம் என்று கூப்பிட்டார்

என் மாமா ஒருநாள் தன் சொந்த அக்காவை, அதாவது என் அம்மாவை, ஆட்கள் பார்க்க, பிரெஞ்சில் யாரோ பிறத்திப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் ‘மதாம்’ என்று கூப்பிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மாமா சும்மா ஆள் இல்லை. புறநகர் ஒன்றின் நகரசபைக்கு அவர் தேர்தலில் நின்றபோது, மார்க்ஸ் டோர்மோயில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில்தான் துண்டுப்பிரசுரங்கள் மடிக்கப்பட்டன. மடித்தவள் நான். வந்தவர்களுக்கெல்லாம் ரோல்ஸ் பொரித்தது அம்மா. அவர் வென்றார். சில வருடங்களில் தொழில் நீதிமன்றத்தில் தொழிலாளர் பக்கத்து நீதிபதியாகவும் ஆனார். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடைக்குக் கடை மரியாதை. அதில் பாதி என் விரல்களுக்கு உரியது என்று நம்பியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வேலை போனது. தம்பி வயிற்றில் இருப்பதைச் சொன்ன அடுத்த கிழமையே, இனி வரவேண்டாம் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். பிறகு, அம்மா தானாகவே நின்றுவிட்டதாகக் கடிதமும் போட்டார். எவ்வளவு அநியாயம்! மாமா இருந்த அதே நீதிமன்றத்தில் அம்மா வழக்குப் போட்டார். அந்த வழக்கில் தான் நீதிபதியாக இருக்க முடியாது என்று மாமா முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அவன் வெளியிலை அப்பிடித்தான் சொல்லோணும். உள்ளுக்கை எங்களைப் பாப்பான்,” என்றார்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று பயற்றம் பணியாரம் சுட்டு, பிஸ்கட் பேணியில் அடைத்தார். நீதிமன்றம்வரை அதைத் தூக்கிக்கொண்டு போனது நான். நடைவழியில் மாமா வந்தார். அம்மா பேணியை என்னிடமிருந்து வாங்கி நீட்டினார். முதலாளியின் வக்கீல் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கையை உயர்த்தவே இல்லை.

“மதாம், நான் எதுவும் வாங்க முடியாது,” என்று பிரெஞ்சில் சொன்னார்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய கதிரையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அம்மா அழவில்லை. திரும்பும்போது மெத்ரோவில் அந்தப் பணியாரத்தில் எட்டை நான் கோபத்திலேயே தின்று தீர்த்தேன். அவருக்காக ஒரு தாள்கூட இனி மடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

சில மாதங்களில் அம்மா வென்றார். மாமா ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. முதலாளி மேன்முறையீடு செய்வதற்கான தவணை முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கையில் தம்பிக்கு ஒரு குட்டிச் சட்டை. கதவைத் திறந்தது நான்.

“பொன்ஜூர், முசியூ,” என்று அவருடைய பிரெஞ்சிலேயே வணக்கம் சொன்னேன்.

மாமா சிரிக்கவில்லை. அவருடைய கண் கலங்கியது. உள்ளே வரலாமா என்று, யாரோ பிறத்தியாள் போல என்னிடம் கேட்டார். அன்று அவர் அந்தப் பேணியை வாங்கியிருந்தால், அந்தக் கதிரையிலேயே இருந்திருந்தால், அம்மாவுக்குக் கிடைத்த தீர்ப்பு மேன்முறையீட்டில் நின்றிருக்காது என்பது எனக்கு எங்கே தெரியும்? என் வழக்கிலும் நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.