எட்டு மணி என்று எழுதியவர்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவரை முகத்துக்கு நேராகக் கறார் அண்ணன் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் கறார். இருபத்தாறு வருடமாக அதே கவுன்ட்டர், அதே சுழல் நாற்காலி. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பாதி சட்டை போட்டுக்கிட்டு வெளிய வருவீங்களா?" என்று கேட்பார். வீட்டிலும் இதே லட்சணம்தான். "உங்கப்பாகிட்ட அன்பா ஒரு வார்த்தை வேணும்னா விண்ணப்பம் எழுதிக் கொடுக்கணும்டி" என்று அவர் மனைவி மகளிடம் சொல்வாள்.

தொற்று வந்து விமானங்கள் நின்று, பல மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியபோது, இந்தக் கறார்தனத்துக்கு ஒரு மவுசு வந்தது. ஒரு நாடு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை கேட்டது, இன்னொன்று நாற்பத்தெட்டு என்றது. ஒன்றுக்கு மை முத்திரை வேண்டும், ஒன்றுக்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும், ஒன்று போய் இறங்கியதும் பதினான்கு நாள் ஓட்டல் அறையில் பூட்டி வைத்தது. விதிகள் வாரத்துக்கு வாரம் மாறின. அவர் அத்தனையையும் தாளில் எழுதிக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டினார். "போற நாட்டுக்காரன்கூட இவ்வளவு கேட்க மாட்டான்" என்று வரிசையில் முணுமுணுப்பார்கள். ஆனாலும் அவரிடம்தான் வருவார்கள்.

இப்பேர்ப்பட்டவர்தான் தினமும் காலையில் ஒரு காரியம் செய்துவந்தார். கதவைத் திறக்கும் முன்பே ஐம்பது படிவங்களை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில் தேதி, கூடத்தின் எண், சாம்பிள் எடுத்த நேரம் காலை 8.00 என்று எழுதி அடுக்கிவிடுவார். ஜனங்கள் வெயிலில் நிற்கக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். கடைசி ஆள் மதியம் ஒரு மணிக்கு மூக்கை நீட்டினாலும் அவர் தாளில் எட்டு மணிதான். எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் மூன்று நாள் என்று மனதில் போட்டு வைத்திருந்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கவுன்ட்டரை மூடப் போகிற நேரத்தில் ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டில் ஒரு தையற்கூடத்தில் வேலை. தாயின் சாவுக்காகப் பத்து நாள் விடுப்பில் வந்தவள். ஏழு வயது மகனைப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் எல்லைகள் மூடிக்கொண்டன. பத்து நாள் பதினொரு மாதம் ஆகிவிட்டது. இப்போதுதான் நுழைவு அனுமதி கிடைத்திருந்தது, அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும். அன்று மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு விமானம்.

"காலைலேருந்து வாசல்லயே நிக்கிறீங்க. மூடுற நேரம் பார்த்து வர்றீங்களே?" என்று சிடுசிடுத்தார் கறார்.

"பன்னெண்டு நாப்பதுக்கு மேல எடுத்தாத்தான் சார் எழுபத்திரண்டுக்குள்ள வரும். விரல் விட்டு எண்ணிட்டேன்."

அவர் பில் போட்டார். அடுக்கில் இருந்த கடைசிப் படிவத்தை எடுத்து நீட்டினார். மறுநாள் அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள். 'தொற்று இல்லை' என்ற வரியைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கவுன்ட்டர் தொலைபேசி அடித்தது. விமான நிலையத்திலிருந்து அவள்தான்.

"சார், எட்டு மணின்னு போட்டிருக்காம். நாலு மணி நேரத்துக்கு மேல தாண்டிப்போச்சுன்னு உள்ள விடமாட்டேங்கிறாங்க. நான் மத்தியானம்தானே வந்தேன்? உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

ஞாபகம் இல்லாமலா? அவள் பில்லின் நகலைத் தேடி எடுத்தார். இயந்திரம் தானாக அடித்த நேரம் மதியம் 1.08. அதை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு ஓடினார். கூடம் டாக்டருடையது, சான்றிதழில் கையெழுத்தும் அவருடையது.

"ஒண்ணைத் திருத்தினா மத்ததெல்லாம் என்னன்னு கேப்பாங்க. லைசென்ஸ் போயிடும்" என்றார் டாக்டர். "திரும்ப டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுங்க."

"ரிசல்ட் நாளைக்குத்தான் வரும் டாக்டர். அனுமதி இன்னிக்கோட முடியுது."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

கறார் அசையவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் டாக்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "அந்தம்மா வெயில்ல அஞ்சு மணி நேரம் நின்னு சரியான நேரத்துக்குத்தான் உள்ள வந்தாங்க. நான்தான் தப்பா எழுதினேன். கையெழுத்துப் போடுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புதுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "யாராவது கேட்டா இது ஒண்ணுதான் கைதவறிப் போச்சுன்னு சொல்லுங்க. புரியுதா?"

ஸ்கூட்டரில் அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும்போது பதினொன்றே கால். பதினொன்று நாற்பதுக்குப் பயணிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண் சுகாதாரச் சோதனை மேசைக்குப் பக்கத்தில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். மேசையில் இருந்த பெண் அதிகாரி சான்றிதழையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"ஒண்ணு பத்துக்கு எடுத்தது. சரி. ஆனா உங்க லேப்லேருந்து வர்ற எல்லாத்துலயும் எட்டு மணின்னுதானே இருக்கு? சரியா எட்டு மணிக்கு அம்பது மூக்குல எப்படிங்க குச்சி விடுவீங்க? இது மட்டும் தப்பா, இல்ல எல்லாமே தப்பா?"

கறார் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒன்றுதான் தப்பு என்றால் அவள் பறந்துவிடலாம். எல்லாம் தப்பு என்றால், இப்படிப்பட்ட கூடத்தின் புதுத் தாளை மட்டும் யார் நம்புவார்கள்? பெட்டி மேலிருந்த பெண் எழுந்து நின்று அவர் வாயையே பார்த்தாள். அந்த நேரத்தில் அவருக்குப் பொய் வரவில்லை என்று சொன்னால் அவரைப் பெரிய மகானாக்கிவிடுவேன். பொய் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் அதிகாரிக்குப் பாதி தெரிந்துவிட்டது. பிடிபட்டால் இவளுடைய தாளும் சேர்ந்து குப்பைக்குப் போகும் என்று பயந்தார்.

"எல்லாமே தப்புங்க" என்றார். "காலைலயே எழுதி வச்சிடுவேன். யார் எப்ப வந்தாலும் எட்டுதான். ஆனா இந்த பில்லு மெஷின் அடிச்சது. என் கை படாதது. இதை நம்புங்க."

அதிகாரி பில்லைத் திருப்பிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

தையற்காரப் பெண் நன்றி சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும்போதே போனைக் காதில் வைத்து, "கண்ணு, அம்மா ஏறப்போறேன்டா, அம்மா ஏறப்போறேன்" என்று அழுதுகொண்டே போனாள். கறாருக்கும் கண் கலங்கிவிட்டது. முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"போகாதீங்க" என்றாள் அதிகாரி. "இதை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இந்த ரெண்டு மாசத்துல உங்க சான்றிதழ் கொண்டு வந்தவங்கள்ல ஆறு பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கேன். நேரம் தாண்டிப்போச்சுன்னு."

அவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் கூடத்துக்கு ஒரு மாதப் பூட்டு விழுந்தது, அவருடைய நாற்காலியும் போயிற்று. அதற்கு முன்பே அவர் அதிகாரியிடம் அந்த ஆறு பேருடைய பெயர்களைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய எண்களையும் பில் நேரத்தையும் பதிவேட்டிலிருந்து குறித்துக்கொண்டிருந்தார். வேலை போன மறுநாள் காலை, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டினார். ஒருவர், அதனாலென்ன, அடுத்த விமானத்தில் போய் வந்துவிட்டேன் என்றார். இரண்டு பேர் எடுக்கவில்லை.

ஐந்தாவது எண்ணில் எடுத்தவர் வயதானவர். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"எங்க பையன் அங்க ஆஸ்பத்திரியில கிடந்தாங்க" என்றார். "திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி டெஸ்ட் எடுத்துக் கிளம்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

மன்னிச்சிடுங்க என்று கறார் இரண்டு முறை சொன்னார்.

"அப்ப, நேரம் தாண்டலையா?"

"தாண்டலைங்க. நீங்க வந்தது பதினொன்றரைக்கு. பில்லுல இருக்கு. சரியாத்தான் இருந்துச்சு."



"எம் பொண்டாட்டிதான் மணி எண்ணிச் சொன்னா" என்றார் அந்த மனிதர். "உன் கணக்காலதான் அவன் முகத்தைக்கூடப் பார்க்க முடியலைன்னு சொல்லிட்டேன். அன்னிலேருந்து அவகிட்ட நான் பேசுறதில்லைங்க. கொஞ்சம் இருங்க. இதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

செருப்பு தேயும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கதவு திறந்தது. போன் கைமாறியது.

"யாருங்க?" என்றது ஒரு தளர்ந்த குரல்.

கறார் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.