விசில் யார் கையில்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தபின், வலது கையைத் தூக்கித் தலை சீவக்கூட முடியவில்லை. மனுஷனுக்கு ஒரே ஏக்கம்தான்: மறுபடியும் வண்டி ஓட்ட வேண்டும்.

பிசியோதெரபி அறையில் பயிற்சி கொடுத்த தம்பி முதல் நாளே தேனொழுகப் பேசினான். "ஐயா, இங்க நீங்கதான் டிரைவர், நான் வெறும் கண்டக்டர். எங்க போகணும்னு நீங்க சொல்லுங்க, கூட வரேன்."

"கண்டக்டர்னா விசில் வேணுமேப்பா?" என்றார் இவர்.

மறுநாளே ஒரு விசிலை வாங்கிவந்து இவர் கழுத்தில் மாட்டிவிட்டான். வலி தாங்காவிட்டால் ஒரு விசில், நிறுத்திவிடுவான். இரண்டு ஊதினால் தொடரலாம். அறையே சிரித்தது. நானும் பைத்தியக்காரி மாதிரி உருகிப்போனேன்.

டிப்போவில் கழித்துப்போட்ட ஸ்டியரிங் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புவார். கை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. அப்புறம் ஒருநாள் ஸ்டியரிங்கைக் காணோம். கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, "இது அடுத்த கட்டம் ஐயா" என்றான். நாங்களும் தலையாட்டினோம். அதன்பிறகு எப்போது கேட்டாலும் பந்துதான்.

போன வாரம் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டோம். திரைக்கு அந்தப் பக்கம் எங்கள் மூத்தவன் குரல் கேட்டது.

"அப்பா இனிமே வண்டியைத் தொடவேண்டாம். பந்தோடயே நிறுத்திக்கங்க."

"கை நல்லாத்தான் வந்துட்டிருந்தது சார். நீங்க சொன்னதாலதான் ஸ்டியரிங்கை எடுத்தேன். ஐயாகிட்ட மூச்சுவிடல."

பெத்த பிள்ளை! இவர் முகத்தில் ஈயாடவில்லை. நேரே உள்ளே போய் வழக்கம்போலக் கட்டிலில் படுத்தார். தம்பி திருதிருவென்று விழித்தபடி வந்து கையைப் பிடித்துத் தூக்கினான். இவர் ஒரு விசில் ஊதினார். அவன் பட்டென்று கையை விட்டான்.

"வலிக்குதா ஐயா?"

"இதுக்கு மட்டும் காது கேக்குது உனக்கு. என்னைப் பாதி வழியில இறக்கிவிட்டியே, ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"உங்க நல்லதுக்குத்தான்பா..." என்று மூத்தவன் இழுத்தான்.

"என் கைடா அது! என்கிட்ட கேட்டியா?"

இவர் கட்டிலைவிட்டு இறங்கும்போது, அடியில் ஸ்டியரிங்கின் விளிம்பு கண்ணில் பட்டது. ஒளித்துவைத்திருந்த அதை, குனிந்து, அதே வலது கையால் இழுத்து எடுத்தார். வலித்திருக்கும்; காட்டிக்கொள்ளவில்லை. மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போனார். அங்கே நின்று எனக்காக இரண்டு விசில் ஊதினார்.